மருந்து இலவசம்தான், மற்றதை யாரிடம் கேட்பது?

திருகோணமலையில் எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இன்றைக்கு மருந்து கிடைப்பது பெரிய பாடில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையில் எஸ்.டி.டி. கிளினிக், அதாவது பாலியல் நோய்களுக்கான கிளினிக் இருக்கிறது. பரிசோதனைக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை; 2004 தொடக்கம் இந்த நாட்டில் அரசாங்கமே எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. முன்பெல்லாம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து தொடங்குவார்கள், இப்போது அந்தக் கணக்கும் இல்லை, தொற்று உறுதியானதும் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரைதான். அதை ஒழுங்காகப் போட்டு வந்தால் வைரஸ் இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிடும், அப்படி அடங்கியிருக்கும் வரைக்கும் உடலுறவு மூலம்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. இது யாரோ ஆறுதலுக்குச் சொன்ன கதை இல்லை. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத நூற்றுக்கணக்கான இணைகளை வருடக்கணக்காகக் கவனித்தார்கள், மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

இதை முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் இன்னும் பலர் இதைச் சாகப்போகிற நோயாகத்தான் பார்க்கிறார்கள். சாகப்போகிறவருக்கு வாடகை எதற்கு, வேலை எதற்கு, வயதான காலத்தில் துணை எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் நடப்பது அப்படித்தான் இருக்கிறது. முப்பது வயதில் தொற்று தெரியவந்த ஒருவர் மருந்தோடு எழுபது வயது வரைக்கும் இருக்கப் போகிறார். அந்த நாற்பது வருடத்துக்கு அவருக்குச் சோறு வேண்டும், இருக்க ஒரு இடம் வேண்டும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், கிளினிக்குக்குப் போகிற நாளில் இழக்கிற கூலிக்கு ஒரு வழி வேண்டும். இதெல்லாம் கிளினிக் தருகிற விஷயங்கள் இல்லை. கிராம சேவகர், பிரதேச செயலகம், சமூக சேவை உத்தியோகத்தர், கோயில், பள்ளிவாசல், பங்குக் கோயில், சொந்தக்காரர் என்று ஊருக்குள்தான் கேட்க வேண்டும். ஊருக்குள் கேட்பதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும். நான் இங்கே எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். கட்டார் போக மெடிக்கல் எடுத்தபோது அன்ஃபிட் என்று வந்தது. ஏன் என்று அந்த இடத்தில் சரியாக விளக்கிச் சொல்லவில்லை, ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வளைகுடா நாடுகள் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேலை விசா கொடுப்பதில்லை, அங்கே போன பிறகு தெரியவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிண்ணியா, மூதூர் பக்கத்தில் எத்தனை வீடுகள் அந்தச் சம்பளத்தை நம்பி நிற்கின்றன என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரே நாளில் நோயும் தெரியவந்து தொழிலும் போவது என்றால் அது எவ்வளவு பெரிய அடி! ஏஜென்சிக்குக் கட்டுவதற்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

அண்ணன் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் செய்யவில்லை, ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. கிளினிக்குக்குப் போனதே இருமல் முற்றி உடம்பு மெலிந்த பிறகுதான். அப்போது காசநோயும் சேர்ந்திருந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் காசநோய் இலகுவாகப் பிடித்துக்கொள்ளும், உலகம் முழுக்க எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொன்றது அதுதான். இரண்டுக்கும் மருந்து எடுத்து ஆள் தேறிவிட்டார், ஆனால் பழையபடி மேசன் வேலைக்கு ஏறி இறங்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. இப்போது பாலையூற்றுப் பக்கம் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்.

காசநோயாளருக்குச் சமூக சேவைகள் திணைக்களத்தில் ஒரு உதவிக் கொடுப்பனவு உண்டு. தொழுநோய்க்கும் உண்டு, புற்றுநோய்க்கும் உண்டு. காசநோய் என்று சொல்லி அதை வாங்குவதில் அவருக்குப் பெரிய கூச்சம் இருக்கவில்லை. சிக்கல் வந்தது அந்தச் சிகிச்சை முடிந்த பிறகு, பொதுசன உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது. எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. மேசைக்கு முன்னால் வரிசையில் ஆட்கள், பின்னால் வாங்கில் ஆட்கள், விண்ணப்பத்தை வாங்கியவர் நல்ல மனுசர்தான், கோபமாகக்கூடப் பேசவில்லை, "காசநோய்தான் சுகமாயிட்டுதே, இன்னும் என்ன வருத்தம்?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை, படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றவர் அவருடைய பழைய வீட்டு ஒழுங்கையில் இருப்பவர். அண்ணன் படிவத்தை மெதுவாகத் திரும்ப எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிறகு வாறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வெளியில் வாகைமரத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த சைக்கிளின் பூட்டைத் திறக்க வெகுநேரம் எடுத்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு சரிவந்தது எப்படி என்றால், கிளினிக்கில் இருந்த டொக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் நோயின் பெயர் இல்லை. நீண்டகால நோய் ஒன்றுக்குத் தொடர்ச்சியாகச் சிகிச்சை பெறுகிறார், சுவாசம் பாதிக்கப்பட்டிருப்பதால் பாரமான வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான். கடிதத் தலைப்பில் எஸ்.டி.டி. கிளினிக் என்று இருக்கக்கூடாது என்பதையும் அவரே யோசித்தார், வைத்தியசாலையின் பொதுவான கடிதத் தாளில் அடித்துக் கொடுத்தார். சமூக சேவை உத்தியோகத்தரை ஆட்கள் இல்லாத பின்னேர நேரத்தில் தனியாகச் சந்தித்தோம். அந்த அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார். உதவிப் பணம் என்று வருவது சின்னத் தொகைதான், வாடகைக்கே காணாது. ஆனாலும் மாதம் மாதம் வருகிற ஒரு காசு என்பது வேறு.

அந்தக் கடிதத்துக்குப் புதிய சட்டம் தேவைப்படவில்லை, புதிய திட்டம் தேவைப்படவில்லை. ஒரு டொக்டர் கொஞ்சம் யோசித்தார், ஒரு உத்தியோகத்தர் தேவையில்லாத கேள்வியைக் கேட்காமல் விட்டார். எங்கள் மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. வெருகலில் இருக்கிறவருக்கும் குச்சவெளியில் இருக்கிறவருக்கும் பட்டினமும் சூழலும் பிரிவில் இருக்கிறவருக்கும் இதே மாதிரி நடக்குமா என்பது அவர்கள் யாரிடம் போய் அகப்படுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதிர்ஷ்டத்தில் கிடைக்கிற உதவியை நம்பி ஒரு ஆள் எப்படி வாழ்க்கையைத் திட்டம் போடுவது?

அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித் திட்டம் வந்தபோது இதைப் பற்றி நிறைய யோசித்தேன். 2023 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சிறுநீரக நோயாளர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, முதியவர்களுக்கு என்று தனித்தனிக் கொடுப்பனவு இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அப்படி ஒன்று கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தத் திட்டத்தில் பெயர்ப்பட்டியல் பகிரங்கமாகப் போடப்பட்டது, யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்று ஊரே நின்று பார்த்தது, தகுதி இல்லாதவருக்குக் கிடைத்திருக்கிறது என்று மற்றவர்கள் ஆட்சேபனை கொடுக்கவும் இடம் வைத்திருந்தார்கள். களவு நடக்காமல் இருக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கிராம சேவகர் அலுவலகச் சுவரில் ஒட்டுகிற பட்டியலில் ஒருவருடைய பெயருக்கு நேரே இந்த நோய் என்று வந்தால் அவர் அடுத்த நாள் அந்த ஊரில் இருக்க முடியாது. அதனால் தனிப் பிரிவு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இருக்கிற பிரிவுகளுக்குள்ளேயே, நோயின் பெயர் இல்லாத மருத்துவக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று மேலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தால் போதும், அதற்கு மேலே பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலேயே கிளினிக் இருக்க, அதைத் தாண்டி அநுராதபுரம், கண்டி, கொழும்பு என்று போய் மருந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கதவடியில் யாராவது தெரிந்தவர் கண்டுவிடுவார் என்ற பயம்தான். கொழும்புக்கு இரவு ரயில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, மருந்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருகிற ஒரு ஆளுக்கு இரண்டு நாள் கூலி போகும், போக்குவரத்துக் காசு போகும், சாப்பாட்டுக் காசு போகும். நிலைமை சீராக இருக்கிறவர்களுக்கு ஒரே தடவையில் சில மாதத்துக்கான மருந்தைக் கொடுப்பதால் இப்போது அது கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2020 ஊரடங்கிலும், 2022 இல் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்ற காலத்திலும் இப்படித் தூரத்தில் மருந்து எடுத்தவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. மருந்தை இடையில் விட்டால் வைரஸ் திரும்ப எழும்பும், அடிக்கடி விட்டால் அந்த மருந்துக்கே அடங்காமல் போகும், இது அவர்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே வழியில்லாமல் நிற்பது எவ்வளவு கொடுமை. பயணச் செலவுக்கு ஒரு சின்ன உதவி என்பது இந்த விஷயத்தில் மருந்தோடு சேர்த்தே எண்ண வேண்டிய ஒன்று.

வீட்டுக்குள் நடப்பது இன்னொரு பக்கம். அண்ணன் முதலில் தங்கியிருந்தது அக்காவின் வீட்டில். அக்காவுக்கு அவர் மேல் உயிர். ஆனாலும் அவருடைய கோப்பையின் அடியில் ஆணியால் ஒரு கீறு போட்டு வைத்திருந்தார், பிள்ளைகளுடையதோடு மாறிப் போகக்கூடாது என்று. அண்ணன் அதைக் கண்டும் காணாத மாதிரி அதிலேயே சாப்பிட்டார். கோப்பையால் பரவாது, ஒரே கிணற்றில் குளிப்பதால் பரவாது, கக்கூசால் பரவாது, நுளம்பு கடித்தால் பரவாது, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் பரவாது. அக்காவுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அதுதான் விஷயம். கிளினிக்கில் நோயாளிக்கு நன்றாக விளங்கப்படுத்துகிறார்கள். வீட்டாருக்கு? அக்கா தானாகப் போய்க் கேட்டால் சொல்வார்கள், ஆனால் அவர் எப்படிப் போவார்? பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், குடும்பப் பிணக்கு, குடி, பிள்ளைகளின் பிரச்சினை எல்லாம் அவர்களிடம்தான் போகிறது. அவர்களில் ஒருவர் எச்.ஐ.வி. பற்றிச் சரியாகப் படித்திருந்து, நோயாளி சம்மதித்தால் வீட்டாரோடு ஒரு பின்னேரம் இருந்து கதைத்தால், அந்தக் கீறு விழுந்த கோப்பை தேவைப்பட்டிருக்காது. அண்ணன் அந்த வீட்டை விட்டுப் போயிருக்கவும் மாட்டார்.

பெண்களின் கதை இதைவிடப் பாரமானது. கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் இங்கே எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இல்லாமல் செய்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அது உண்மையிலேயே பெரிய சாதனை, எங்கள் மிட்வைஃப்மார் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்து செய்த வேலை அது. ஆனால் பிள்ளைக்குத் தொற்றவில்லை என்று உறுதியான பிறகு அந்தத் தாய்க்கு என்ன நடக்கிறது? புருசனிடமிருந்து தொற்றியிருந்தாலும் பழி அவள் தலையில்தான் விழும். புருசன் செத்துப்போனால் சீதன வீட்டிலேயே அவளைத் தனிமைப்படுத்துகிற மாமியார்மாரும் இருக்கிறார்கள். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் தையல் மெஷினுக்கோ கோழிக்கூட்டுக்கோ விண்ணப்பிக்கலாம், விதவை என்ற பிரிவில் அது கிடைக்கும், நோயைச் சொல்லத் தேவையில்லை. இந்த வழி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்களோடு உறவு வைத்திருக்கிற ஆண்களைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வெளியில் கதைக்க மாட்டார்கள். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம், 365அ பிரிவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் திருத்துவதற்குக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 இல் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் சட்டம் மாறவில்லை. நாட்டில் புதிதாகத் தொற்றுப் பதிவாகிறவர்களில் இளம் ஆண்களின் பங்கு கூடிவருகிற நேரத்தில், 2022 இல் மட்டும் 607 பேர் புதிதாகப் பதிவான நிலையில், அவர்களைப் பயமுறுத்தி வைத்திருப்பதால் யாருக்கு என்ன நன்மை? இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன் கிளினிக்குக்கே வரப் பயப்படுகிறான், அவன் எப்படிப் பிரதேச செயலகத்துக்குப் போய் உதவி கேட்பான்?

வயது போகப் போக வேறு சிக்கல்களும் வரும். சீனி, பிரஷர், இருதயம் என்று எல்லோருக்கும் வருகிறதெல்லாம் இவர்களுக்கும் வரும், கொஞ்சம் முந்தியே வரலாம். அப்போது வேறு கிளினிக், வேறு டொக்டர். இப்போது பலருக்குக் கொடுக்கிற டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு கல்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிவுக்குக் குடிக்கிற மருந்து இதையெல்லாம் ஒன்றாகப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, நேரம் விட்டுப் போட வேண்டும். சீனிக்குக் கொடுக்கிற மெட்ஃபோமினின் அளவையும் அதோடு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே டொக்டர்மாருக்கு மட்டுமாவது சொல்லத்தான் வேண்டும், மறைத்தால் பாதிப்பு நோயாளிக்குத்தான். அண்ணன் மாத்திரைப் போத்தலின் லேபலைப் பிளேட்டால் சுரண்டிவிட்டு வைத்திருந்தார். அறையில் மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்றே தெரியாது. இப்போது மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதி, ஒட்டிய உறைக்குள் போட்டு, அவர் நம்புகிற ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். தனியாக இருக்கிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம்.

சட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. 2011 இல் வந்த தேசிய எச்.ஐ.வி. எயிட்ஸ் கொள்கை இருக்கிறது, அது கொள்கை, சட்டம் இல்லை. 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பிள்ளையை, தகப்பன் எயிட்ஸில் செத்தவர் என்ற வதந்தியை வைத்துப் பள்ளிக்கூடங்கள் சேர்க்காமல் விட்டபோது, உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அந்தப் பிள்ளையின் படிக்கிற உரிமையை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. டொக்டர் கமலிகா அபேரத்ன என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். விபத்தில் அடிபட்டு இரத்தம் ஏற்றியபோது அவருக்குத் தொற்றியது, தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடறியச் சொல்லி மற்றவர்களுக்காகப் போராடினார், 2004 இல் காலமானார். அவ்வளவு துணிவு எல்லோருக்கும் வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. வெளியில் சொல்லாமலே உதவி கிடைக்க வேண்டும்.

கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு விஷயம் கேட்கிறேன். அன்னதானத்தில் யாரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. உலர் உணவுப் பொதி கொடுக்கும்போது மட்டும் பெயரைக் கூப்பிட்டு, மேடைக்கு வரவழைத்து, ஃபோட்டோ எடுத்து, ஃபேஸ்புக்கில் போடுகிறோம். அந்த ஃபோட்டோவுக்குப் பயந்தே வராமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் மட்டும் இல்லை. ஸகாத் கமிட்டிகளில் சிலர் இரவில் போய் வாசலில் வைத்துவிட்டு வருகிறார்கள், அந்த வழக்கத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரதேச செயலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கும்: உங்கள் அலுவலகத்தில் கதவு சாத்தி ஒரு ஆளோடு கதைக்கக்கூடிய அறை ஒன்று எப்படியும் இருக்கும், கொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிற அறையாவது இருக்கும். நோய் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டிய எவரையும், என்ன நோயாக இருந்தாலும், அங்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். எல்லோரையும் அப்படிக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போதுதான் முடிவு தெரிந்து, கையில் தாளோடு, என்ன செய்வது என்று தெரியாமல் இதைப் படிக்கிற யாராவது இருந்தால்: முதலில் கிளினிக்குக்குப் போங்கள், உங்கள் ஊர்க் கிளினிக் பயமாக இருந்தால் வேறு ஊருக்குப் போங்கள், ஆனால் போங்கள். மருந்து தொடங்கிய பிறகு, வருமானம் இல்லையென்றால், நோயின் பெயர் இல்லாத கடிதம் ஒன்று தர முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் விஷயத்தை யாராவது அலுவலகத்தில் இருந்துகொண்டு வெளியில் சொன்னால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் காரியாலயம் திருகோணமலையிலேயே இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். வழக்குப் பேசக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இரவில் மனம் ஒரு நிலையில் இல்லாமல் போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலும் கதைக்கலாம். வீட்டாரில், நண்பரில், ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். யாருக்குச் சொல்வது என்று அவசரப்பட வேண்டாம், அதைக் கிளினிக்கில் இருக்கிற நர்ஸோடு கதைத்து முடிவு எடுக்கலாம்.